சந்தை நாளில் நான் ஊரில் இல்லை

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு 40 கிலோமீட்டர். இங்கிலாந்தில் நான் இப்போது குடியிருக்கும் ஸ்கிப்டனிலிருந்து, வேலை பார்க்கும் லீட்ஸுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். கல்லூரிக் காலத்தில் மூன்று வருடம் கிணத்துக்கடவு வழியாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தவனுக்கு, இதெல்லாம் ஒரு தூரமா என்று பட்டது. அங்கேயும் சந்தை, இங்கேயும் சந்தை. அங்கே மாடு, இங்கே செம்மறி. ஸ்கிப்டன் என்ற பெயருக்கே பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டூர்’ என்றுதான் அர்த்தமாம். அது தெரிந்த அன்றே மனசுக்குள் பாதி வீடு வாங்கிவிட்டேன். மீதிப் பாதியை வாங்கத்தான் நான்கு மாதமும் கொஞ்சம் தலைமுடியும் போயிற்று.

லண்டன் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. வடக்கு யார்க்‌ஷயரில், டேல்ஸ் மலைகளுக்கு வாசல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் ஒரு நார்மன் கோட்டை. அதன் வாசல் உச்சியில் கல்லெழுத்தில் ‘தெஸொர்மே’ என்று இருக்கும். பிரெஞ்சில் ‘இனிமேல்’ என்று பொருள், கோட்டையை ஆண்ட கிளிஃபோர்ட் குடும்பத்தின் முழக்கம். அதற்குக் கீழே சரிந்து இறங்குகிறது ஹை ஸ்ட்ரீட். சாலையின் இரு பக்கமும் கல் பாவிய அகலமான ஓரம் உண்டு. திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் அங்கே சந்தைக் கடைகள். மற்ற நாட்களில் அதே இடத்தில் கார்கள். பின்புறம் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் ஓடுகிறது, 127 மைல் நீளம், 1816-ல் முழுதாக முடித்தது. படகு, வாத்து, பாலம், ஐஸ்கிரீம். ஜூலை மாதச் சனிக்கிழமை மதியம் குழந்தையோடு முதன்முதலாக வந்து இறங்கினால் யாருக்கும் இந்த ஊர் பிடிக்கும். எங்களுக்கும் பிடித்தது. முதல் தப்பு அங்கேதான்.

குடிபோக நினைக்கும் ஊரை ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்க வேண்டும். மழையும் தூறிக்கொண்டிருந்தால் உத்தமம். கடைகள் ஐந்து, ஐந்தரைக்கே அடைத்துவிடும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வாங்கப்போகும் வீடு வரைக்கும் குடையோடு நடந்து பாருங்கள். அந்த நடையிலும் ஊர் பிடித்திருந்தால், தைரியமாக வாங்கலாம்.

நாங்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணமும் ஒன்று இருந்தது. மனைவி ஏர்டேல் மருத்துவமனையில் நர்ஸ். அது ஸ்டீட்டன் என்ற ஊரில் இருக்கிறது. ரயிலில் ஸ்கிப்டனிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். என் மென்பொருள் வேலை லீட்ஸில், அதே ரயில் பாதையின் கடைசியில். லீட்ஸில் வாடகைக்கு இருந்த மூன்று வருடமும் அவள்தான் அலைந்தாள். இனி நான் அலைகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். “கீத்லியிலேயே பாத்தா பாதி வெலைக்குக் கெடைக்குமுங்களே” என்று, அதே ரயில் பாதையில் உள்ள இன்னொரு ஊரை அவள் சொல்லத்தான் செய்தாள். பாதி விலை என்பது கொஞ்சம் மிகை, ஆனால் குறைவு என்பது உண்மை. கோட்டையும் கால்வாயும் என் கண்ணை மறைத்தன.

‘லீட்ஸுக்கு முக்கால் மணி நேரம்’ என்று வீட்டுத் தரகர் விளம்பரத்தில் போட்டிருந்தார். பொய்யில்லை, ஆனால் அது ரயில் ஓடும் நேரம் மட்டும்தான். என் வீட்டுக் கதவைச் சாத்தி ஸ்டேஷனுக்கு 15 நிமிட நடை, வண்டியைத் தவறவிடக்கூடாது என்று ஐந்து நிமிடம் முன்னால், லீட்ஸில் இறங்கி ஆபீசுக்கு இன்னொரு 12 நிமிடம். ஆக மொத்தம் ஒன்றேகால் மணி. போக, வர இரண்டரை. வாரத்தில் மூன்று நாள் போனால் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு வேலை நாள். இந்தக் கூட்டலை வீடு வாங்கிய பிறகு போட்டேன்.

இந்தப் பாதையில் ஸ்கிப்டனுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அதை எந்தத் தரகரும் சொல்வதில்லை. லீட்ஸ் மின்சார வண்டிகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. காலையில் உட்கார இடம் நிச்சயம். கீத்லி, பிங்லி தாண்டும்போது நிரம்பிவிடும். சால்டேர், ஷிப்லியில் ஏறுகிறவர்கள் பாதிப்பேர் நின்றுகொண்டே வருவார்கள். 20 நிமிடம் நின்றுகொண்டு போவதைவிட 45 நிமிடம் உட்கார்ந்து போவதே மேல் என்பது என் முடிவு. எந்த ஊரைப் பார்த்தாலும் அந்த ஊர் பாதையின் நுனியில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாயங்காலமும் அப்படியே. தூங்கிப்போனாலும் வண்டி ஸ்கிப்டனோடு நின்றுவிடும், யாராவது எழுப்பிவிடுவார்கள். கார்லைல் போகும் வண்டியில் தூங்கினால்தான் சிக்கல். அது மலைக்குள் போய்விடும்.

காலையில் வேறொரு பொறி இருக்கிறது. பிராட்ஃபோர்ட் ஃபார்ஸ்டர் ஸ்கொயர் போகும் வண்டியும் இங்கிருந்தேதான் கிளம்புகிறது. ஷிப்லி வரைக்கும் இரண்டுக்கும் ஒரே பாதை, ஒரே மாதிரிப் பெட்டி. மூன்றாவது வாரமே காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்து, பிராட்ஃபோர்டில் போய் இறங்கினேன். காலை மீட்டிங்கை அங்கே பிளாட்பாரத்தில் நின்றபடி போனில் முடித்தேன். பதற வேண்டியதில்லை, ஷிப்லியில் இறங்கி லீட்ஸ் வண்டியைப் பிடிக்கலாம். ஆனால் ஷிப்லி ஸ்டேஷன் முக்கோண வடிவம். மூன்று பக்கமும் பிளாட்பாரம். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஒரு வண்டியை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வழியனுப்பியும் இருக்கிறேன்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறவர்கள் வருட சீசன் எடுத்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 2021 ஜூனில் ஃப்ளெக்ஸி சீசன் என்று ஒன்று வந்தது. 28 நாட்களுக்குள் ஏதாவது எட்டு நாள் போய்வரலாம். மூன்று நாள் போகிறவர்களுக்கு அது பல பாதைகளில் கட்டாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, மேற்கு யார்க்‌ஷயர் எல்லை ஸ்டீட்டனோடு முடிகிறது. ஸ்கிப்டன் எல்லைக்கு வெளியே. எல்லைக்கு உள்ளே கட்டணம் குறைவு என்பதால், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் ஸ்டீட்டனுக்குக் காரில் போய் அங்கிருந்து ரயில் ஏறுகிறார்கள். மாவட்ட எல்லை வீட்டு விலையை மட்டுமல்ல, ரயில் கட்டணத்தையும் மாற்றும். வரைபடத்தில் அதையும் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

வண்டி தாமதமானால் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 15 நிமிடம் தாண்டினால் அந்த ஒரு வழிக் கட்டணத்தில் கால் பங்கு, அரை மணி தாண்டினால் பாதி, ஒரு மணி தாண்டினால் முழுதும் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினால் போதும். எனக்கு இந்தக் கணக்கு ஒன்றரை வருடம் தெரியாது. அந்த ஒன்றரை வருடக் காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்களை உண்மையில் முறித்தது என் பயணமல்ல, அவளுடையது. இரண்டே ஸ்டேஷன்தானே என்று அலட்சியமாக இருந்தோம். வார நாட்களில் பிரச்சினை இல்லை. ஞாயிறு காலை முதல் வண்டியே அவள் ஷிஃப்ட் தொடங்கிய பிறகுதான் வரும். கிறிஸ்துமஸ் அன்று நாடு முழுக்க ரயில் கிடையாது, மறுநாளும் பெரும்பாலும் இல்லை. வார்டு அன்றும் திறந்துதான் இருக்கும். முதல் மாதம் டாக்ஸிக்குக் கொடுத்த காசில் ஒரு நல்ல மிதிவண்டி வாங்கியிருக்கலாம். ஆக, லீட்ஸில் மூன்று வருடம் கார் இல்லாமல் ஓட்டியவர்கள், ரயில் வசதி பார்த்துக் குடிவந்த ஊரில் கார் வாங்க வேண்டியதாயிற்று.

கார் வாங்கினால் மட்டும் போதுமா? இந்தியாவில் எடுத்த லைசென்ஸ் இங்கே குடிவந்த முதல் 12 மாதத்துக்குத்தான் செல்லும். இங்கே கொடுத்து மாற்றிக்கொள்ளவும் முடியாது. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. பொள்ளாச்சியில் பதினெட்டு வயதிலிருந்து ஓட்டியவன், இங்கே கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினேன் என்று முதல் தடவை தேறவில்லை. அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. புதிதாக வந்து பெரிய நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கார் தேவையே இல்லை என்று தோன்றுகிற அந்த முதல் வருடத்திலேயே லைசென்ஸை எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் வாங்கியது வரிசை வீடுகளில் ஒன்று, மணற்கல்லில் கட்டியது, நூறு வயதுக்கு மேல். இரண்டு படுக்கையறை, கீழே நிலவறை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே பின்புறம் போக ஒரு சந்து. இந்த ஊர்க்காரர்கள் அதை ‘ஜின்னல்’ என்பார்கள். சந்துக்கு மேலே எங்கள் படுக்கையறையின் ஒரு பகுதி நிற்கிறது. சந்து பக்கத்து வீட்டுக்குச் சொந்தம், மேலே இருக்கும் அறை எங்களுக்கு. இதற்கு ‘ஃப்ளையிங் ஃப்ரீஹோல்டு’ என்று பெயர். அந்தரத்தில் தொங்கும் சொத்து! கடன் கொடுக்கிற நிறுவனங்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வரும். எங்கள் வழக்கறிஞர் ஒரு காப்பீடு எடுக்கச் சொல்லிச் சமாளித்தார், ஆனால் அதற்குள் மூன்று வாரம் போயிற்று.

அந்த மூன்று வாரம் எப்படிப்பட்ட மூன்று வாரம் என்றால், 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி அரசாங்கம் ஒரு ‘மினி பட்ஜெட்’ போட்டது நினைவிருக்கும். இரண்டு வாரத்துக்குள், வீட்டுக் கடனுக்கு இரண்டு வருடம் மாறாமல் இருக்கும் வட்டி சராசரியாக 6 விழுக்காட்டைத் தாண்டியது. எங்கள் கையில் ஆகஸ்டில் வாங்கிய கடன் ஒப்புதல் இருந்தது, 4-க்குக் கீழே. அது ஆறு மாதம்தான் செல்லும். எங்களுக்கு விற்றவர் இன்னொரு வீடு வாங்கக் காத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் இன்னொன்றுக்கு. இந்தச் சங்கிலியில் ஒருவர் பின்வாங்கினாலும் எல்லாம் கலைந்துவிடும். ஒப்பந்தம் மாற்றிக் கையெழுத்தாகும் வரைக்கும் இங்கிலாந்தில் வாய்ப் பேச்சுக்கு மதிப்பில்லை. யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். நம் ஊரில் முன்பணம் வாங்கியவன் கூசுவான், இங்கே அந்தக் கூச்சத்துக்கும் வழியில்லை. நவம்பரில் சாவி கைக்கு வந்தபோது சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகம்.

இவ்வளவு பதற்றத்திலும் கஞ்சத்தனம் மட்டும் போகவில்லை. வாங்கும் முன் செய்யும் வீட்டுச் சோதனையில், ஆர்.ஐ.சி.எஸ். என்ற சொத்து மதிப்பீட்டாளர் அமைப்பின் முறைப்படி இரண்டாம் நிலை, அதைவிட விரிவான மூன்றாம் நிலை என்று உண்டு. பழைய கல் வீட்டுக்கு மூன்றாம் நிலைதான் சரி. சில நூறு பவுண்டு மிச்சம் என்று நான் இரண்டாம் நிலையோடு நிறுத்திக்கொண்டேன். ‘நிலவறையில் ஈரம் காணப்படுகிறது, மேலும் ஆராயவும்’ என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. பழைய வீடென்றால் ஈரம் இருக்கத்தானே செய்யும் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

லீட்ஸில் வாங்கிய 20 கிலோ பொன்னி அரிசி மூட்டையைக் குளுகுளுவென்று இருக்கிறதே என்று நிலவறையில்தான் வைத்தேன். ஆறு வாரம் கழித்து, “ஏனுங்க, கொஞ்சம் கீழ வந்து பாருங்க” என்று குரல் வந்தது. போய்ப் பார்த்தால், மூட்டையின் அடிப்பக்கம் சுவரில் ஒட்டியிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்திருக்கிறது. பிரித்தால் அரிசி கட்டி கட்டியாக, பழைய கோணிச் சாக்கு வாடையோடு. பாதியைக் கொட்டினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு மூன்றாம் நிலை சோதனையே மலிவு.

பிறகு வந்து பார்த்த கல் வேலைக்காரர் சொன்னதுதான் எனக்குப் பாடம். இந்த வீடுகளின் சுவர் கெட்டிச் சுவர், நடுவில் காற்றிடைவெளி கிடையாது. முன்காலத்தில் கல்லிடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் பூசியிருந்தார்கள். உள்ளே போன ஈரம் அந்தக் காரை வழியாக வெளியே போகும். பின்னால் வந்த யாரோ சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். ஈரத்துக்கு வெளியே வழி அடைபட்டதால் உள்ளே வருகிறது. நம் பாட்டன் வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு என்ன ஞாயமோ அதேதான். வெளிச்சுவரில் சிமென்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு வைக்க இரண்டு கோடைக்காலம் பிடித்தது. நாமும் நம் பங்குக்கு ஈரம் சேர்க்கிறோம். சோறு வடிப்பது, குக்கர் விசில், துணியை வீட்டுக்குள் காயப்போடுவது எல்லாம் சுவரில்தான் போய் உட்காரும். இப்போது ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடுகிறது. தினமும் அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் வேறு நின்றுபோனது. கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும் என்பது சட்டம். தேடிப் பிடித்துப் போன் போட்டேன். “கான்ட் கம் வைல் ஃப்ரைடே, லவ்” என்றார். வெள்ளிக்கிழமை வர முடியாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். புதனும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை செய்து, கோட்டு போட்டபடி காத்திருந்தேன். ஆளைக் காணோம். வெள்ளிக்கிழமை லீட்ஸ் போய்விட்டேன். அன்றைக்குத்தான் அவர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். யார்க்‌ஷயர் பேச்சில் ‘வைல்’ என்றால் ‘வரைக்கும்’. வெள்ளி வரைக்கும் வர முடியாது, அதாவது வெள்ளிக்கிழமை வருகிறேன். ‘ஒன்பது வைல் ஐந்து’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஒரு சொல் புரியாமல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூன்று பேரும் ஒரே அறையில் ஒரு சின்ன ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ‘டீ’யிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு அம்மாள் ஐந்தரைக்கு டீக்குக் கூப்பிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மேஜையில் பொரியலும் உருளைக்கிழங்கும், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட ‘பை’யுமாக முழுச் சாப்பாடு. இங்கே ராச்சாப்பாட்டுக்குப் பெயர் டீ. மகள்தான் மானத்தைக் காப்பாற்றினாள், இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மளிகைக்கு ஸ்கிப்டனில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒரு முழ நீளத்துக்கு ‘வேர்ல்டு ஃபுட்ஸ்’, அதில் நாலு மசாலா பாட்டில். ஆனால் ரயிலில் கால் மணி நேரத்தில் கீத்லி. அங்கே பாகிஸ்தான் வம்சாவளியினர் நிறையப்பேர், அவர்கள் கடைகளில் வெண்டை, பாகற்காய், முள்ளங்கி, கொத்துக் கொத்தாய்க் கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் உண்டு. மனைவி முதலில் சொன்ன ஊருக்குத்தான் வாரா வாரம் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்பதை அவள் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. இட்லி அரிசி மட்டும் இணையத்தில். மாவு புளிப்பதற்குத்தான் திண்டாட்டம். கல் வீட்டுச் சமையலறையில் ஜனவரியில் இரண்டு நாள் வைத்தாலும் மாவு பொங்காது. ஓவன் அடுப்பில் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் விடிவதற்குள் பொங்கிவிடும். கதவில் ‘மாவு இருக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டுவது அவசியம். ஒருநாள் பீட்சாவுக்காக 220 டிகிரியில் ஓவனைத் திருகிவிட்டேன்.

பள்ளிக்கூடம் பற்றி நிறையப்பேர் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாக. ஸ்கிப்டனில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு அரசு கிராமர் பள்ளிகள். பதினோரு வயதில் நுழைவுத் தேர்வு. கட்டணம் கிடையாது என்பதால் அதற்காகவே குடிவருகிறவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு நுழைவுத் தேர்வு என்ற சொல்லே தேன். என் கருத்து, அதை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள். தேறாவிட்டால் போகவேண்டிய பள்ளியையும் போய்ப் பார்த்து, அதுவும் சம்மதம் என்றால் வாருங்கள். தேர்வு செப்டம்பரிலேயே வந்துவிடும், உயர்நிலைப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15. இந்தத் தேதிகளுக்கு முன்னால் முகவரி கையில் இருக்க வேண்டும். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையில் பல் மருத்துவர் வேண்டும் என்றால், குடிவருவதற்கு முன்பே நாலைந்து இடத்தில் போன் போட்டு விசாரியுங்கள். நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம்.

இத்தனையும் சரிசெய்துகொள்ள முடிந்தது. ஆனால் ஒன்றரை வருடம் ஆகியும் ஊர் மட்டும் ஒட்டவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. தெருவில் ஓரிருவரைத் தவிர யாரையும் தெரியாது. இருட்டில் கிளம்பி இருட்டில் வருகிறேன். சனிக்கிழமை சந்தைக்குப் போனால் ஊர் முழுக்கச் சுற்றுலா வந்தவர்கள், அவர்களில் ஒருவனாக நானும். அம்மா ஊரிலிருந்து ஜூனில் வந்திருந்தார். மூன்று மாதம். நான் ஆபீஸ் போகிற திங்கள், புதன், வெள்ளியில் அவர் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார். ஆங்கிலம் பத்து வார்த்தை தெரியும், அதில் ஐந்து காய்கறி. மூன்றே வாரத்தில் காய்கறிக் கடைக்காரர் அவரைப் பார்த்தால் கையைத் தூக்குகிறார், மீன் கடையில் கானாங்கெளுத்தி வந்தால் தனியாகக் காட்டுகிறார்கள். என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. “இதாருங்க, உங்க மகனுங்களா” என்ற மாதிரி ஆங்கிலத்தில் என்னை விசாரித்தார் கடைக்காரர், எனக்குக் கூச்சமாகப் போயிற்று.

ஒருநாள் லீவு போட்டு அவரை ஊருக்கு வெளியே இருக்கும் ஆட்டு ஏலச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். யாரும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். வட்டமான களத்துக்குள் செம்மறிகளை விடுகிறார்கள், ஏலக்காரர் மூச்சு விடாமல் ஒரே ராகத்தில் விலையை ஏற்றுகிறார், சுற்றி நிற்கும் விவசாயிகள் புருவத்தை அசைத்தால் விலை கூடுகிறது. அம்மா சிரித்துவிட்டார். எங்கள் தாத்தா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைக் கையின் மேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கும் என்ன விலை என்று தெரியாது. “இவுங்க வெலையச் சத்தமாச் சொல்றாங்க, ஆள மறைச்சுக்கறாங்க. நம்மூர்ல ஆளத் தெரியும், வெலதான் தெரியாது” என்றார். திரும்பி வரும்போது, “ஏஞ்சாமி, சந்த கூடற அன்னைக்கெல்லாம் நீ ஊர்லயே இருக்கறதில்லயே, அப்பறம் என்னத்துக்கு இந்த ஊரு?” என்று கேட்டார்.

அது 2024. அந்த ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரத்தையும் நாளையும் மாற்றித் தரச்சொல்லி முறைப்படி விண்ணப்பிக்கும் உரிமை சட்டமாகியிருந்தது. நான் பழைய ஆள், எப்போதோ கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆபீஸ் நாட்களைச் செவ்வாய், வியாழன் என்று மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் குழந்தை, ரயில், மனைவியின் ஷிஃப்ட் என்று போட்டேன். சந்தை என்று எழுதக் கை வரவில்லை. கொடுத்தார்கள். இரண்டு நாள் ஆனதால் ஃப்ளெக்ஸி சீசனும் கணக்காக வந்துவிட்டது.

இப்போது மதிய இடைவேளையில் பையோடு இறங்குகிறேன். திங்கட்கிழமை ஹை ஸ்ட்ரீட்டில் பாதிப்பேர் கிழவர்கள், நாய்கள், டேல்ஸ் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். காய்கறி கிண்ணம் கிண்ணமாகக் குவித்திருக்கும், கிண்ணத்துக்கு இவ்வளவு என்று விலை. நம் ஊர் மாதிரி அழுத்திப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. அம்மா பொறுக்கினார், அவருக்கு மட்டும் மன்னிப்பு. கடைசி நேரத்தில் போனால் இரண்டு கிண்ணம் ஒன்றின் விலைக்கு வரும். போன புதன்கிழமை மீட்டிங் இழுத்துக்கொண்டு போனதால் மழையில் ஓடினேன். பாதிக் கடைகளில் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காய்கறிக்காரர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து நீட்டினார், அம்மா எப்போது மறுபடி வருகிறார் என்று கேட்டார்.

“நாட் வைல் ஜூன்” என்றேன்.